ஒரே குழாயில் தண்ணீர் குடித்த செம்பருத்திகள்

இந்த ஊரில் செடிகளுக்கு முகம் துடைத்துவிட வேண்டும். மணல் காற்று அடித்த மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்குள், நானும் இன்னும் இரண்டு பேரும் அந்தப் பெரிய வீட்டின் முன்பக்கம் ஈரத்துணியோடு உட்கார்ந்துவிடுவோம். இலையை உள்ளங்கையில் தாங்கி மேலே ஒரு தடவை, அடியில் ஒரு தடவை. துணி காவி நிறமாகிவிடும். அலசிப் பிழிந்து அடுத்த இலை. வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. நம் ஊர் கெடாரில் வீட்டு வாசல் செம்பருத்தி மேல் பஸ் கிளப்பிவிடுகிற புழுதி படிந்து கிடக்கும். மழை வந்தால் கழுவிக்கொள்ளும், வராவிட்டால் அப்படியே பூக்கும். அதற்காக யாரும் துணி எடுத்துக்கொண்டு போனதில்லை. இங்கே, மஸ்கட்டுக்குப் பக்கத்தில், குடிதண்ணீரைக் கடலிலிருந்து எடுக்கிற ஊரில், இலையைக் கழுவி வைக்கிறார்கள். வியாழக்கிழமை விருந்தாளிகள் வருவார்கள். அதற்குள் இலை பளபளக்க வேண்டும்.

கலை, தினேசு, உங்கள் அப்பாவுக்கு இங்கே 'செடி டாக்டர்' என்று பெயர் வந்தது இந்தத் துடைக்கிற வேலையால்தான். இலையின் அடிப்புறத்தைத் தினமும் பார்க்கிறவனுக்கு எல்லாம் முதலில் தெரிந்துவிடும். விளிம்பில் கடித்திருந்தால் வண்டோ வெட்டுக்கிளியோ. இலை மேலே ஊசியால் குத்தினது மாதிரி வெளுத்து, அடியில் மெல்லிய நூல் படிந்திருந்தால் செம்பேன். வெள்ளைத் தாளில் இலையைத் தட்டினால் சிவப்புப் புள்ளிகள் நடக்கும். இலை பிசுபிசுத்து, எறும்பு வரிசையாக ஏறினால் மேலே எங்கேயோ அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. எறும்பு போகிற வழியே போனால் கண்டுபிடித்துவிடலாம். கலை, நீ பிளஸ் டூ முடித்துவிட்டு விவசாயப் படிப்புக்குப் போவேன் என்கிறாய். இதையெல்லாம் அங்கே நன்றாகவே சொல்லித் தருவார்கள். பத்தாவதோடு நின்ற நான் எழுத வேண்டியது வேறு ஒன்று. போன வெள்ளிக்கிழமை நீ வீடியோ காலில் கேட்டாயே, "பாய் பெரியப்பா ஏம்ப்பா இப்பல்லாம் பேசறதே இல்ல? சண்டையா?" என்று. நெட் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நெட் நன்றாகத்தான் இருந்தது. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். இங்கே வேலைக்கு வரப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற நம் பக்கத்து ஆட்களும் படித்தால் நல்லது.

ஷாகுல் பாயை நீங்கள் போனில்தான் பார்த்திருக்கிறீர்கள். புதுச்சேரியை ஒட்டின கோட்டக்குப்பத்துக்காரர். இந்த நாட்டில் இருபத்திரண்டு வருஷம். அறுபதை நெருங்கியவர், ஆனாலும் வாய் மட்டும் இருபது வயசு. தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. சுவரோரம் ஒரு பெட்டிக்குள் வால்வுகள் இருக்கும். அதன் சாவி அவர் இடுப்பில் தொங்கும். நான் இலையைப் புரட்டிப் பார்க்கும்போதெல்லாம் செடியைப் பார்த்து, "டாக்டர் சாரு வந்துட்டாரு, நாக்க நீட்டு" என்பார். நான் வந்த முதல் மாதம், அரபியும் தெரியாமல் இந்தியும் தெரியாமல் முழித்தபோது, சாப்பாட்டுக் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்து பேசினவர் அவர்தான். விழுப்புரத்துக்காரன் என்று தெரிந்ததும் முதலில் கேட்ட கேள்வி, "மல்லாட்ட எடுத்தாந்தியா?" என்பதுதான். ஒரு பை வேர்க்கடலை கொண்டு வந்திருந்தேன். பாதிக்குமேல் அவரே தின்றுவிட்டார்.

மல்லாட்டை என்றதும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கொல்லையில் கடலைச் செடி வாடினால் முதல் வேலையாகப் பிடுங்கிப் பார்ப்போம். நம் செடி, அடுத்தவன் செடி என்றெல்லாம் பார்ப்பதில்லை. வரப்பில் போகிற ஆள் நின்று, வாடின செடி ஒன்றைக் கொத்தோடு இழுத்து, வேரை உதறிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, வேர்ப்புழு வெச்சிருக்குது, பாத்துகினு சும்மா கீற?" என்று திட்டிவிட்டுப் போவான். கூடவே நாலு காயை உரித்து வாயில் போட்டுக்கொள்வான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பிடுங்கின செடி ஒன்று போனால் போகட்டும், மிச்சம் பிழைக்கும் என்பதுதான் கணக்கு. உங்கள் அம்மா பனமலையிலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வாரமே நம் கொல்லையில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்து, எரு வேகவில்லை, அதுதான் புழு என்று என் அப்பாவிடமே சொன்னவள். சரியாக மக்காத எருவைப் போட்டால் அதோடு புழுவும் கொல்லைக்கு வந்து சேரும். இது எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, பிறந்ததிலிருந்தே தெரியும். போர் வற்றி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நான் விமானம் ஏறியபோது இந்த அறிவும் என்னோடுதான் வந்தது.

இங்கே வந்த இரண்டாம் மாதம் ஒரு ரோஜாச் செடி வாடிக்கிடந்தது. கை தன்னால் போய்விட்டது. பிடுங்கி வேரை உதறிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். அவரை நாங்கள் அர்பாப் என்போம். முதலாளி என்று அர்த்தம். "லேஷ்? லேஷ்?" என்றார். ஏன் என்று கேட்கிறார் என்பது புரிந்தது. வேர் என்பதற்கு என்னிடம் அரபி இல்லை, புழு என்பதற்கும் இல்லை. வேர்ப்பக்கத்தை அவரிடம் நீட்டிக் காட்டினேன். செடி செத்துவிட்டது, வேறு வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. டிரைவரைக் கூப்பிட்டு நர்சரிக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் புது ரோஜா வந்தது. சாயங்காலம் எங்கள் போர்மேன் வந்தான். வடக்கத்தி ஆள், கெட்டவனில்லை, ஆனால் பயந்தவன். இனிமேல் தோட்டத்தில் எதையும் பிடுங்காதே, செத்தாலும் அர்பாப் சொன்ன பிறகுதான் கை வைக்க வேண்டும், இங்கே ஒவ்வொரு செடிக்கும் பில் இருக்கிறது என்றான். பாய்தான் எனக்கு அதைத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு, "இங்க நீ இலய மட்டும் பாருப்பா, அதுக்குக் கீழ இருக்கறது அர்பாப் சொத்து" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து இலையை மட்டும்தான் பார்த்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் மதிலோரம் நாற்பது செம்பருத்தி வைத்தோம். எரு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பிரித்ததுமே தெரிந்தது, பாதி வேகாத எரு, கையில் எடுத்தால் சாணி நாற்றம் அப்படியே இருந்தது. நம் ஊராக இருந்தால் ஒரு மாதம் கொட்டி வைத்து ஆறப்போட்டிருப்பேன். இங்கே வந்த அன்றைக்கே போட்டு முடிக்கச் சொன்னார்கள். இந்த மணலில் எந்தப் புழு பிழைக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். குழி குழியாக என் கையால்தான் போட்டேன்.

சித்திரை வாக்கில் செடிகள் வாட ஆரம்பித்தன. மூன்று செடி வாடும், அடுத்த இரண்டு நன்றாக நிற்கும், அப்புறம் ஒன்று வாடும். மத்தியானம் தலை தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் பாய் இன்னொரு தடவை வால்வைத் திறந்துவிடுவார். மறுநாள் இலை மஞ்சளாகிக் கொட்டும். நான் இலையைப் புரட்டினேன், தாளில் தட்டினேன், தண்டைக் கீறினேன். செம்பேன் இல்லை, பிசுபிசுப்பு இல்லை, எறும்பு இல்லை. மண் மட்டும் சேறாக இருந்தது. பத்து செடி போனதும் போர்மேனும் அர்பாபும் சேர்ந்து வந்து நின்றார்கள். அர்பாப் செடியைக் காட்டி, மண்ணைக் காட்டி, "மாய்?" என்றார். தண்ணீரா என்று கேட்கிறார். போர்மேன் என் முகத்தைப் பார்த்தான். டாக்டர் நான்தானே.

பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்று அந்த நிமிஷம் என் கைக்குத் தெரிந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாற்பது செடியும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கின்றன. தண்ணீர்தான் வியாதி என்றால் வரிசை முழுக்க வாட வேண்டும். புழுதான் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தின்னும். இதெல்லாம் மனசில் ஒரு ஓரமாக ஓடியது. ஆனால் அர்பாப் பக்கத்தில் நிற்கிறார், ரோஜாவை நீட்டிக்கொண்டு நின்ற நாள் ஞாபகம் வருகிறது. மண்ணில் விரலை விட்டு, ஈரத்தைக் காட்டி, "பானி ஜாஸ்தி, சாப்" என்றேன். தண்ணீர் அதிகம். நான் யார் பேரையும் சொல்லவில்லை. ஆனால் வால்வுச் சாவி தொங்குகிற இடுப்பு அங்கே ஒன்றுதான் இருந்தது.

பாய் எனக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது. அவர் ஒரு அடி முன்னால் வந்து போர்மேனிடம் இந்தியில் சொன்னார்: ஏழுமலை விவசாயி, அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மத்தியானத்தில் இரண்டாவது தடவை திறந்துவிட்டது நான்தான். என்னிடம் திரும்பி, "நீ இன்னா பண்ணுவ, உள்ளதத்தான சொன்ன" என்றார்.

ரூமுக்கு வந்த பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சோறு பிசைந்துகொண்டே கேட்டார். "ஏம்ப்பா டாக்டரு, எல்லாம் ஒரே கொழாதான? இது சாவுது, பக்கத்துல நிக்கறது பூத்துகினு நிக்குது. தண்ணி ஆள் பாத்தா ஓடும்?"

"பள்ளமா இருக்கற எடத்துல தேங்கும் பாய்" என்றேன்.

அந்தப் பாத்தியை டியூப் மட்டம் பிடித்துச் சரிபண்ணியது நானும் அவரும்தான். அதில் பள்ளம் கிடையாது. அவருக்கு அது ஞாபகம் வரவில்லையோ, இல்லை விவசாயி சொன்னதால் விட்டுவிட்டாரோ. "அப்படியா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

அந்த மாதம்தான் அவருடைய விசா புதுப்பிக்க வேண்டிய மாதம். அறுபதை நெருங்கிய ஆளை விலக்க எங்கள் கம்பெனி ஆபீசுக்கு ஒரு சின்னக் காரணம் போதும். போர்மேன் எழுதிக் கொடுத்த தாளில் தண்ணீர் விடுவதில் கவனக்குறைவு என்று இருந்ததாம். பத்து நாளில் எல்லாம் முடிந்தது. அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் வேண்டியிருந்தது. கடைசிப் பெண்ணின் நர்சிங் படிப்பு முடிகிற வரைக்கும். அந்த வயசில் திரும்ப வேறு விசா கிடைக்காது. ஆனால் அவர் அதைப் பற்றிப் புலம்பவில்லை. வேறொன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "இருவத்திரெண்டு வருசம் ஒருத்தன் வாயில ஒரு சொல்லு வாங்கினதில்ல ஏழுமல. கடசில தண்ணி ஊத்தத் தெரியாதவன்னு எழுதி அனுப்பறானுங்க." வேன் வந்த காலையில் சாவியை என் கையில் கொடுத்து, செம்பருத்திக்குப் போகிற மூன்றாவது வால்வை இரண்டு சுற்றுக்கு மேல் திறக்காதே என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அதற்குப் பிறகு தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். செடிகள் செத்துக்கொண்டேதான் இருந்தன. ஊருக்குப் போன பாயிடமிருந்து வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். உங்களைக் கேட்பார், சாப்பாட்டைக் கேட்பார், கடைசியில் தவறாமல், "செம்பருத்தி தெளிஞ்சிச்சா?" என்று கேட்பார். "பரவால்ல பாய், தெளிஞ்சிகினு வருது" என்று பதில் போடுவேன். அப்படிச் சொன்னால் அவர் மனசு ஆறும் என்று நினைத்தேன். தண்ணீர் குறைத்ததும் செடி பிழைத்தது என்றால் தப்பு அவருடையதுதான் என்று ஆகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்ததோ என்னவோ, நான் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து, செத்த செடிகளை எடுத்துவிட்டுப் புதுசு வைக்க அர்பாப் உத்தரவு கொடுத்தார். முதல் செடியைப் பிடித்து இழுத்தேன். கடப்பாரை கொண்டுபோயிருந்தேன், தேவைப்படவில்லை. அடுப்பில் செருகின விறகை உருவுகிற மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. குழியை விரலால் கிளறினேன். சுண்டுவிரல் தடிமனில் வெள்ளை வெளேரென்று, அரைவட்டமாகச் சுருண்டு, தலை மட்டும் செங்காவியாக, ஆறு புழு. அடுத்த குழியில் நாலு. மக்காத சாணிக் கட்டிகள் அப்படியே இருந்தன, அதை ஒட்டித்தான் கிடந்தன. நம் கொல்லையில் எத்தனை தடவை பார்த்த புழு. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கூட இருந்தவர்கள் வெயில் அடித்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஒரு பெயிண்ட் டப்பாவில் புழுக்களைப் போட்டுப் போர்மேனிடம் கொண்டு போனேன். தண்ணீர் இல்லை, இதுதான், எருவில் வந்தது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவன் டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எரு போட்டது யார் என்று கேட்டான். நான் என்றேன். அப்படியானால் மருந்து ஊற்றிக் கொன்றுவிட்டுச் சும்மா இரு என்றான். அந்த ஆளின் விசா ரத்தாகி இரண்டு மாதம் ஆகிவிட்டது, இப்போது சொன்னால் அவர் திரும்ப வரப்போவதில்லை, நீயும் போவாய் என்றான். இரண்டு வீடு கெடுவதற்குப் பதில் ஒரு வீட்டோடு போகட்டுமே என்று கேட்டான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மருந்து ஊற்றினேன். புதுச் செடி வைத்தேன். அவை நன்றாகவே வேர் பிடித்தன. அர்பாப் ஒரு நாள் வரிசையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டி ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்தார். அதைத்தான் தீபாவளிக்கு ஊருக்கு வந்த ஆளிடம் உங்களுக்குக் கொடுத்தனுப்பினேன். எனக்குத் தின்ன மனசு வரவில்லை.

கம்பெனியிடம் சொல்லாததற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது: நீங்கள் இரண்டு பேர். பாயிடம் சொல்லாததற்கு என்ன காரணம்? போன் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு வாய்ஸுக்கும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று அழுத்துவேன். "தெளிஞ்சிடுச்சு பாய், நல்லா பூக்குது" என்றுதான் வாயில் வரும். அவர் நல்லாயிருக்கட்டும் என்பார். இப்படியே ஒன்பது மாதம் ஓடியது.

லீவில் வந்தபோது சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். திண்டிவனத்தில் இறங்கி, பெட்டியோடு நேராகக் கோட்டக்குப்பம் போய்ச் சொல்லிவிட்டு அப்புறம் வீட்டுக்கு வருவது என்று விமானத்திலேயே முடிவு செய்திருந்தேன். திண்டிவனத்தில் பஸ் நின்றது. எழுந்து பெட்டியைக்கூட இறக்கினேன். விழுப்புரத்துக்குப் போகிற ஒரு அம்மா என் சீட்டில் உட்கார வந்து, "எறங்கறீங்களா, இல்லியா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லித் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் மூன்று வாரம் நம் வீட்டில் இருந்தேன். உங்கள் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "புடுங்கிப் பாக்கறதுக்கு இன்னா கேடு உனக்கு?" என்றாள். லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது, புதுச்சேரியில் ஒரு வேலை என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனேனே, அன்றைக்குத்தான் கோட்டக்குப்பம் போனேன்.

பாய் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாப்பா டாக்டரு, சொல்லாம கொள்ளாம" என்று எழுந்து கட்டிக்கொண்டார். வீட்டுக்கு முன்னால் நாலைந்து தொட்டிச் செடிகள். அவர் மனைவி பாயம்மா குடத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முட்டி வலியோடு குனிந்து குனிந்து அவர் ஊற்ற, பாய் சும்மா உட்கார்ந்திருந்தது எனக்கு விநோதமாக இருந்தது. பாயம்மாவே சொன்னார்: "இவரு வந்ததுலேந்து ஒரு சொம்புத் தண்ணி ஊத்தமாட்டேங்கறாரு தம்பி. ஊத்தினா செத்துடும்ங்கறாரு." உள்ளேயிருந்து வந்த மருமகன் ரஹீம் சிரித்துக்கொண்டே, "மாமா கைல ஹோசக் குடுத்துடாதீங்க, செவுரு கூட அழுவிப்போவும்" என்றான். அவனுக்கு அது பழகிப்போன கேலி. பாயும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"பாய், அது தண்ணி இல்ல. புழு. நான் போட்ட எருவுல வந்த வேர்ப்புழு" என்றேன்.

ரஹீம் வண்டியைத் துடைக்கத் தெருப்பக்கம் போயிருந்தான். பாயம்மா குடத்தோடு உள்ளே போய்விட்டிருந்தார். பாய் மட்டும்தான் கேட்டார்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"இல்ல பாய். சத்தியமா. நீங்க வந்து ரெண்டு மாசம் கழிச்சிப் புடுங்கினப்பதான்."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "அப்பறம் ஒம்போது மாசம். நான் எத்தினி வாய்ஸ் போட்டேன் ஏழுமல? தெளிஞ்சிச்சானு கேட்டுகினே இருந்தேன். தெளிஞ்சிச்சி தெளிஞ்சிச்சின்ன."

போர்மேன் சொன்னதையும், உங்கள் இரண்டு பேரையும் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கிட்ட சொல்லாத. எனக்கு இனிமே இன்னா ஆவப்போவுது. அவங்ககிட்ட சொல்லு. நான் சொன்னா, கெழவன் சாக்கு சொல்றான்னுவாங்க." தெருவைப் பார்த்து, "ரஹீமு, ஜல்தி வா. உங்க மாமியையும் கூப்புடு" என்றார்.

மூன்று பேரையும் எதிரில் நிற்க வைத்துக்கொண்டு நான் முதலிலிருந்து சொன்னேன். எரு வந்தது, நான் போட்டது, ஒரே குழாய், அங்கொன்றும் இங்கொன்றுமாக வாடினது, பிடுங்கப் பயந்தது, பானி ஜாஸ்தி என்றது, டப்பாவில் புழு, ஒன்பது மாதம். நடுவில் ஒரு இடத்தில் விழுங்கிவிட்டுப் போகப் பார்த்தேன். பள்ளம் என்று பொய் சொன்ன இடம். பாய், "அதயும் சொல்லு" என்றார். அவருக்கு டியூப் மட்டம் ஞாபகம் இருந்திருக்கிறது. அதையும் சொன்னேன். ரஹீம் தலையைக் குனிந்துகொண்டு, "மாமா" என்றான். பாய் அவனைப் பார்க்கவில்லை. பாயம்மா அழவில்லை. "ரம்ஜான் முச்சூடும் இவரு துவாவுல அந்தச் செடிங்களுக்காகக் கேட்டுகினு இருந்தாரு தம்பி, அது எதுவும் சாவக்கூடாதுன்னு" என்று மட்டும் சொன்னார்.

டீ வந்தது. குடிக்காமல் எழுந்திருப்பது இன்னும் பெரிய தப்பு என்பதால் குடித்தேன். பாய் தெருமுனை வரைக்கும் வந்தார். கோபமாக இருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அவரிடம் கோபம் இல்லை. "இலய மட்டும் பாருன்னு சொன்னவன் நான்தான்" என்றார் ஒரு தடவை. அப்புறம், "நீ இனிமே வாய்ஸ் போடாத. நானும் போடல. உன் கொரல கேட்டா எனக்கு அந்த வால்வு ஞாபகம் வருது. புள்ளைங்கள நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்றார். அவர் சொல்லச் சொன்னதை நான் இத்தனை மாதம் உங்களிடம் சொல்லவே இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

கலை, சண்டை இல்லையம்மா. சண்டை என்றால் சமாதானம் ஆகலாம். நீ படிக்கப்போகிற படிப்பில் நோய் கண்டுபிடிப்பதை நன்றாகக் கற்றுக்கொள்வாய். கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டிய ஆளிடம் அன்றைக்கே சொல்லிவிடு. உன் அப்பாவுக்குச் செடியைப் பற்றித் தெரியாமல் போகவில்லை.

இப்போது தண்ணீர் வேலையும் என்னுடையதுதான். தினமும் காலையில் மதிலோரம் போய் அந்தப் பெட்டியைத் திறக்கிறேன். அது பாத்திக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கிறது. வால்வு எட்ட வேண்டுமென்றால் ஒரு காலைப் பளிங்குத் தரையில் வைத்து, இன்னொரு காலைச் செடிகளுக்கு நடுவில் மண்ணில் வைத்துத்தான் குனிய முடியும். பாயும் அப்படித்தான் நிற்பார். மண்ணில் இருக்கிற கால் ஈரத்தில் மெல்ல உள்ளே இறங்கும், தரையில் இருக்கிற கால் சுடும். எந்தக் காலையும் எடுக்க முடியாது. இரண்டு சுற்றுச் சுற்றி, நாற்பது செடிக்கும் தண்ணீர் போய்ச் சேருகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நான் அப்படியே நிற்கிறேன்.